எல்லாப் பணமும் ஒரே பணம் இல்லை: பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டப் புதிதாக வருபவர்களுக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரம், நன்கொடையாளர் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள் என்று காத்திருந்தேன். கணக்குப் பிரிவில் இருந்த மூத்தவர் முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையைக் கொடுத்து, "இதைப் படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். படித்தேன். வங்கியில் பல லட்சம் டாலர் இருந்தது. அதே மாதம் அலுவலக வாடகைக்கு நிறுவனம் தவணை கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாதா? இதற்கு விடை புரிய எனக்கு ஒரு நாள் பிடித்தது. அந்த விடையிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் படி: பணத்தின் வகையைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

தொண்டு நிறுவனத்துக்கு வரும் பணம் இரண்டு வகை. ஒன்று, கொடுத்தவர் "இதற்குத்தான்" என்று சொல்லிக் கொடுத்தது. இந்த மாவட்டத்தில் கிணறு வெட்ட, அந்த நாட்டில் தடுப்பூசி போட என்று நோக்கம் கட்டிய பணம். மற்றொன்று, "நல்லது செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தது. எங்கே, எதற்கு, எப்போது செலவு செய்வது என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். முன்னதை நோக்க நிதி என்றும் பின்னதைப் பொது நிதி என்றும் வைத்துக்கொள்வோம்.

அஞ்சறைப் பெட்டியில் மிளகு இருக்கும் அறையில் கடுகைப் போட முடியாது. நோக்க நிதியும் அப்படித்தான். கிணற்றுக்கு வந்த பணத்தில் மிச்சம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்கு மாற்றினால் அது நல்ல காரியம்தானே என்று தோன்றும். பல நாடுகளின் சட்டத்தில் அது நம்பிக்கை மோசடி. கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடக் கூடாது. எங்கள் வங்கியில் இருந்த லட்சங்கள் எல்லாம் இந்த வகை. வாடகைக்கான பொது நிதிப் பெட்டி மட்டும் காலி.

பொது நிதியால் என்னென்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்காளரின் சம்பளம், தணிக்கைக் கட்டணம், புதிதாக ஒரு நாட்டில் வேலை தொடங்கும் முன் போய்ப் பார்த்து வரும் செலவு, நிலநடுக்கம் வந்த மறுநாளே வண்டி கிளப்பும் பணம். இதில் எதற்கும் "இதற்கென்றே தருகிறேன்" என்று யாரும் காசோலை எழுதுவதில்லை. எல்லோருக்கும் கிணறுதான் பிடிக்கும். கிணறு வெட்டியதற்கு ரசீது வைப்பவரின் சம்பளம் யாருக்கும் பிடிக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று உங்களைக் கேட்பார்கள். குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்று பலரும் நம்புகிறார்கள். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுச் சொல்லும் மூன்று அமைப்புகள், கைடுஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவ்விங் அலையன்ஸ், 2013-இல் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதின: இந்த ஒற்றை எண்ணை வைத்து ஒரு நிறுவனத்தை அளக்காதீர்கள் என்று. அளவுகோலைப் பிரபலப்படுத்தியதில் பங்குள்ளவர்களே அதைச் சொன்னதுதான் விசேஷம். ஆகவே அந்தக் கேள்வி வரும்போது கூச்சப்பட்டு எண்ணைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உண்மையான எண்ணைச் சொல்லி, அதில் என்ன நடக்கிறது என்று விளக்குங்கள்.

இரண்டாம் படி: காகிதம் முதலில், கூட்டம் பிறகு

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் பாடகர் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக ஒரு கச்சேரி நடத்தினார்கள். ஒரே நாளில் இரண்டு காட்சிகள். நுழைவுச்சீட்டு வசூல் ஏறத்தாழ 2,43,000 டாலர் யுனிசெஃப்புக்குப் போனது. அதைவிடப் பெரிய தொகை இசைத்தட்டு விற்பனையில் வர வேண்டியது. ஆனால் வரிவிலக்கு ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைக்கவில்லை. அமெரிக்க வருமான வரித்துறை கேள்வி எழுப்ப, பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அகதிகள் ஊர் திரும்பி எத்தனையோ காலம் கழித்துத்தான் அதன் பெரும்பகுதி விடுபட்டது. நல்லெண்ணத்துக்கோ புகழுக்கோ அங்கே குறைவில்லை. ஒரு பதிவு நடைமுறைதான் விட்டுப்போனது.

நீங்கள் பார்க்க வேண்டியவை: நிறுவனம் எந்த நாட்டில், எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது, கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்குமா, திரட்டிய நாட்டிலிருந்து செலவழிக்கும் நாட்டுக்குப் பணம் போக என்ன அனுமதி வேண்டும். பிரிட்டனில் கிஃப்ட் எய்ட் என்ற ஏற்பாடு 1990 முதல் இருக்கிறது. வருமான வரி கட்டும் ஒருவர் ஒரு படிவத்தில் ஒப்புதல் கொடுத்தால், அவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து நிறுவனத்துக்கு வரும். ஒரு பெட்டியில் டிக் அடிக்கச் சொல்ல மறந்தால் அந்தக் கால் பவுண்டு போயே போச்சு. பெறுகிற பக்கமும் சட்டம் உண்டு. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெற 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவும் தனி வங்கிக் கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. உங்கள் திட்டமே உள்ளூர்ப் பங்காளி அமைப்புகள் மூலம் நடக்கிறது என்றால் இது தெரியாமல் ஒப்பந்தம் போடுவது ஆபத்து.

பெரிய அமைப்புகள் ஏன் நாட்டுக்கு ஒரு கிளை வைக்காமல், நாட்டுக்கு ஒரு தனி நிறுவனமாகப் பதிந்து, மேலே ஒரு கூட்டமைப்பாக இருக்கின்றன என்று எனக்கு வெகுநாள் குழப்பம். ஆக்ஸ்ஃபாமும் சேவ் தி சில்ட்ரனும் அப்படித்தான். வரலாறு ஒரு காரணம், தன்னாட்சி ஒரு காரணம். நிதி திரட்டுபவர் கண்ணுக்குப் படும் காரணம் வேறு: வரிச்சலுகை பொதுவாக அந்தந்த நாட்டில் பதிந்த நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

மூன்றாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

கதவுகள் பல. ஒவ்வொன்றின் பின்னாலும் வேறு வகைப் பணம் இருக்கிறது. புதியவர்கள் பெரிய கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். நான் சின்னக் கதவிலிருந்து வருகிறேன்.

மாதாமாதம் ஒரு சிறு தொகை தரும் தனிநபர்கள்தான் அடித்தளம். அவர்கள் தருவது பெரும்பாலும் பொது நிதி. அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று ஓரளவு கணிக்கவும் முடியும். வேறு எந்தக் கதவும் இந்த இரண்டையும் சேர்த்துத் தருவதில்லை. ஆனால் இவர்களைச் சேர்க்க முதலில் செலவாகும். தெருவில் நின்று ஆள் சேர்ப்பது, தொலைபேசி, தொலைக்காட்சி விளம்பரம் என்று எந்த வழியில் போனாலும், போட்ட காசு திரும்ப ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். தெருவில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்வரை முதல் ஆண்டிலேயே நின்றுபோவது இந்தத் துறையில் சகஜம். அறங்காவலர்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். ஆறாம் மாதம் கணக்கைப் பார்த்துவிட்டு "நஷ்டமாகிறதே, நிறுத்து" என்பார்கள். அப்போது நிறுத்தினால் போட்டது மட்டும்தான் போனதாக இருக்கும்.

குழந்தையை ஆதரிக்கும் ஏற்பாடு, அதாவது ஸ்பான்சர்ஷிப், இதே மாதாந்திரப் பணத்தின் பழைய வடிவம். பிளான் இன்டர்நேஷனல் 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தவித்த குழந்தைகளுக்காக இப்படித்தான் தொடங்கியது. வேர்ல்ட் விஷன் 1950-களில் கொரியக் குழந்தைகளுக்காகச் செய்தது. ஆக்ஷன் எய்ட் 1972-இல் பிரிட்டனைச் சேர்ந்த 88 ஆதரவாளர்களோடு ஆரம்பித்தது. ஒரு முகம், ஒரு பெயர், ஆண்டுக்கொரு கடிதம்: கொடுப்பவர் விட்டுப்போவதே அபூர்வம். சிக்கல் என்னவென்றால், இன்று பெரும்பாலான அமைப்புகளில் அந்தப் பணம் அந்த ஒரு குழந்தையின் கைக்குப் போவதில்லை. ஊர் முழுவதற்குமான பள்ளிக்கும் தண்ணீருக்கும் போகிறது. அதுதான் நியாயமும்கூட. பக்கத்து வீட்டுக் குழந்தை என்ன பாவம் செய்தது? ஆனால் இதை விளம்பரத்தில் சின்ன எழுத்தில் ஒளிக்காதீர்கள். முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

பேரிடர் வேண்டுகோள் வேறு ரகம். ஒரு வாரத்தில் மழை மாதிரிக் கொட்டும், பிறகு நின்றுவிடும். எல்லாமே நோக்க நிதி. பிரிட்டனில் பேரிடர் அவசரக் குழு என்ற அமைப்பு 1963 முதல் இருக்கிறது. பெரிய தொண்டு நிறுவனங்கள் தனித்தனியே கூவாமல் சேர்ந்து ஒரே வேண்டுகோள் விடுத்து, வந்ததைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இருந்தால், உறுப்பினராக என்ன தகுதி வேண்டும் என்று அமைதியான காலத்திலேயே விசாரியுங்கள். நிலநடுக்கம் வந்த அன்று விண்ணப்பப் படிவம் தேட முடியாது.

மத நம்பிக்கையின்படி தரும் பணத்துக்கு அதற்கே உரிய விதிகள் உண்டு. ஜகாத் என்பது தகுதியான சேமிப்பில் 2.5 சதவீதம், அதைப் பெறத்தக்கவர் யார் என்று எட்டு வகையினரைக் குர்ஆனே சொல்கிறது. இஸ்லாமிக் ரிலீஃப் போன்ற அமைப்புகள் இதைத் தனிக் கணக்கில் வைத்துச் செலவிடுகின்றன. "எல்லாம் ஏழைகளுக்குத்தானே போகிறது" என்று கலந்துவிட்டால் அந்த நன்கொடையாளர் திரும்ப வரமாட்டார்.

உயில் மூலம் வரும் பணம் கேட்கக் கூச்சமான விஷயம். ஆனால் பழைய நிறுவனங்கள் பலவற்றுக்கு இது பெரிய தூண், அதுவும் பெரும்பாலும் பொது நிதி. இன்று நீங்கள் விதைப்பது உங்களுக்கு அடுத்து இந்த நாற்காலியில் உட்காருபவர் காலத்தில்தான் கைக்கு வரும். அதனாலேயே பலர் விதைப்பதில்லை.

சொந்தமாகச் சம்பாதிக்கும் வழியும் உண்டு. ஆக்ஸ்ஃபாம், ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் தெருவில் 1940-களின் இறுதியில் திறந்த கடை, மக்கள் கொடுத்த பழைய துணிமணிகளை விற்றது. யுனிசெஃப், 1949-இல் ஒரு சிறுமி வரைந்த ஓவியத்தை வைத்து வாழ்த்து அட்டை போட்டது. அது பல பத்தாண்டுகள் விற்பனையாகும் தொழிலாக வளர்ந்தது. வங்கதேசத்தின் தொண்டு நிறுவனமான பிராக் 1978-இல் கிராமத்துக் கைவினைஞர்களின் பொருள்களை விற்க ஆரோங் என்ற கடையைத் தொடங்கியது. இன்று அது பெரிய கடைத்தொடர். கடை நடத்தத் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

கம்பெனிகள் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. படம் எடுக்க வருவார்கள், சில சமயம் பணமும் தருவார்கள். அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அறக்கட்டளைகளும் அரசுகளும் ஐந்தாம் படியில் வருகின்றன; அவற்றுக்குத் தனி உழைப்பு வேண்டும்.

நான்காம் படி: கேட்கும் கடிதம்

2007-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் அடிபடும். ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூவர் செய்தது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, அதிலிருந்து விருப்பம்போல் நன்கொடை தரலாம் என்றார்கள். ஒரு குழுவுக்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரம். இன்னொரு குழுவுக்கு மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதை. ரோக்கியாவுக்குக் கிடைத்தது சராசரியாக 2.38 டாலர், புள்ளிவிவரத்துக்கு 1.14. சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43-க்கு இறங்கிவிட்டது. எண்கள் வந்ததும் மனம் கணக்குப் போட ஆரம்பித்து, கை சுருங்கிவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு கடிதத்தைப் பார்ப்போம். புதிதாக வருபவர்கள் எழுதும் முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்கள் அமைப்பு பல நாடுகளில் குடிநீர், சுகாதாரம், வாழ்வாதாரம் ஆகிய துறைகளில் ஒருங்கிணைந்த அணுகுமுறையுடன் செயல்பட்டு வருகிறது. தங்களின் மேலான ஆதரவை நாடுகிறோம்."

இதில் பொய் இல்லை, ஆளும் இல்லை. களத்தில் இருப்பவரைத் தொலைபேசியில் பிடித்து, போன மாதம் நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இது கிடைக்கும்:

"அந்த ஊர்க் கைப்பம்பு பிப்ரவரியில் நின்றது. உள்ளே ஒரு வாஷர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மாற்றத் தெரிந்தவர் ஊரில் யாருமில்லை. ஐந்து மாதம் பெண்கள் ஆற்றுக்கு நடந்தார்கள். இப்போது அங்கே இரண்டு பெண்கள் பம்பைப் பிரித்துப் பூட்டக் கற்றிருக்கிறார்கள்; ஒரு கருவிப் பெட்டி அவர்களிடம் இருக்கிறது. இது போன்ற பணிகளுக்கு மாதம் ஒரு தொகை தர முடியுமா?"

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். "இந்த ஊருக்கு" என்று எழுதவில்லை, "இது போன்ற பணிகளுக்கு" என்று இருக்கிறது. "இந்த ஊருக்கு" என்று எழுதியிருந்தால் வரும் பணம் முழுவதும் அந்த ஊருக்கான நோக்க நிதி. ஆயிரம் பேர் கொடுத்தால் ஓர் ஊருக்கு ஆயிரம் கருவிப் பெட்டி! முதல் படியில் பார்த்த பிரிவினை, கடிதத்தின் ஒரே ஒரு சொல்லில் தீர்மானமாகிறது. அச்சுக்குப் போகும் முன் கணக்குப் பிரிவு படிக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

அப்புறம் படம். 1919-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், பட்டினியில் மெலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையைக் கொடுத்ததற்காக, சேவ் தி சில்ட்ரனை நிறுவிய எக்லன்டைன் ஜெப் கைதானார். அச்சிடும் முன் அரசின் சென்சார் அனுமதி வாங்கவில்லை என்பது குற்றம். ஐந்து பவுண்டு அபராதம். எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த ஐந்து பவுண்டைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். சேவ் தி சில்ட்ரனின் முதல் நன்கொடை அது என்று சொல்வார்கள். ஒரு படத்தின் பலம் அப்படி. அதே பலம்தான் பிறகு தவறாகவும் போனது. 1980-களின் பஞ்சப் படங்களில் ஈ மொய்க்கும் முகமும் ஊதிய வயிறும் மட்டுமே எஞ்சின. அந்த மனிதர்களின் பெயரோ பேச்சோ இல்லை. அதற்கு எதிர்வினையாகத்தான் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989-இல் படங்களுக்கும் செய்திகளுக்குமான நடத்தை விதிகளை வகுத்தன. ஒரு எளிய சோதனை: படத்தில் இருப்பவர் நம் அலுவலகத்துக்கு வந்து அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்குமா? இருக்கும் என்றால் வேறு படம் தேடுங்கள். எடுத்த படத்துக்குச் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மானியத்துக்கு விண்ணப்பிப்பது

அரசுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.நா. அமைப்புகளும் பெரிய அறக்கட்டளைகளும் மானியம் தருகின்றன. அறிவிப்பு வரும், கடைசித் தேதி இருக்கும், நாம் ப்ரொபோசல் எழுத வேண்டும். தொகை பெரியது என்பதால் எல்லோரும் ஓடுவார்கள். ஓடும் முன் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள், பேனாவோடு. எந்த நாடு, யார் விண்ணப்பிக்கலாம், எத்தனை சதவீதம் தருவார்கள், எத்தனை தவணையில் தருவார்கள். நமக்குப் பொருந்தாத ஒரு நிபந்தனை இருந்தாலும் அன்றே விட்டுவிடுங்கள். ஒரு நல்ல விண்ணப்பத்துக்கு வாரக்கணக்கில் பல பேரின் உழைப்பு போகும். அந்த உழைப்புக்கான சம்பளமும் பொது நிதிதான்.

விண்ணப்பத்தின் நடுவே ஓர் அட்டவணை இருக்கும். லாக்ஃபிரேம் என்பார்கள். 1969-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையாக இருந்த யு.எஸ்.எய்டுக்காக உருவானது. என்ன செய்வோம், அதனால் கையில் என்ன கிடைக்கும், அதனால் மக்கள் வாழ்வில் என்ன மாறும், மாறியதை எதை வைத்துச் சொல்வோம், எது நம் கையில் இல்லை என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். பலர் இதை முதலில் பார்த்ததும் பயப்படுவார்கள். கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள்: "இதைச் செய்தால் அது நடக்கும்" என்று சொல்லும்போது தயங்கினால், அந்த இடத்தில் திட்டமே ஓட்டை.

என் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டு எழுதினேன்; நல்ல மனிதர்கள், பதில் போட்டார்கள். விளக்கத்தில் ஆறு சுகாதாரப் பணியாளர்கள், பட்ஜெட்டில் நான்கு. அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் பட்ஜெட்டைக் குறைத்தார், இன்னொருவர் விளக்கத்தைத் திருத்தவில்லை. அன்றிலிருந்து அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, மற்றவர் பட்ஜெட்டில் விரல் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

இப்போது பட்ஜெட்டையே கொஞ்சம் அருகில் பார்ப்போம், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். திட்டத்தின் நேரடிச் செலவு 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நிர்வாகத்துக்கென அதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு தருவார்கள். ஐரோப்பிய ஒன்றிய மானியங்களில் பழக்கமான உச்சவரம்பு 7 சதவீதம். அமெரிக்க அரசின் மானியங்களில், தனியாகப் பேரம் பேசி விகிதம் வாங்காதவர்களுக்கு 10 சதவீதமாக இருந்தது 2024 அக்டோபரில் 15 ஆனது. நமக்கு 7 கிடைக்கிறது என்றால் 7,000 டாலர். ஆனால் அந்தத் திட்டத்துக்காகக் கணக்கு, தணிக்கை, மேற்பார்வை, வாடகை என்று உண்மையில் ஆவது 15,000 என்று வையுங்கள். மீதி 8,000 எங்கிருந்து வரும்? இதே மாதிரி மூன்று திட்டம் வாங்கினால் 24,000. அதோடு பல மானியங்கள் மொத்தச் செலவில் ஒரு பங்கை நீங்களே போட வேண்டும் என்று கேட்கும். 10 சதவீதம் என்றால் ஒரு திட்டத்துக்கே இன்னும் பத்தாயிரத்துக்கு மேல். கடைசித் தவணையை இறுதி அறிக்கை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதுவரை நாம் கைக்காசு போட்டு வேலையை முடித்திருக்க வேண்டும்.

வாடகைக்குத் தவணை கேட்ட எங்கள் நிறுவனத்தின் மர்மம் இதுதான். மானியம் கூடக் கூடப் பொது நிதி வற்றிக்கொண்டே போனது. மாதம் ஒரு சிறு தொகை தருகிறாரே ஒருவர், அவர்தான் அரசாங்கம் தரும் பெரிய மானியத்தைத் தாங்கிப் பிடிக்கிறார். வெளியே யாருக்கும் இது தெரியாது. உள்ளே இருப்பவர்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டு இயக்குநர் மேசையில் வையுங்கள். நேரடிச் செலவாகக் காட்ட முடிந்ததை நேரடிச் செலவிலேயே காட்டுங்கள்: திட்டத்துக்கான கணக்காளரின் பாதி நேரம், தணிக்கைக் கட்டணத்தின் பங்கு. அறக்கட்டளைகளிடம் உண்மை விகிதத்தைச் சொல்லிக் கேளுங்கள். அரசுகளைவிட அவர்கள் வளைந்து கொடுப்பார்கள். கேட்காமலே விட்டுவிட்டு அப்புறம் புலம்புபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: ஒரே தூணில் கூரை போடாதீர்கள்

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்காவில் ஓர் ஆணை கையெழுத்தானது. வெளிநாட்டு உதவி 90 நாளைக்கு நிறுத்தம். சில நாட்களில் வேலையை நிறுத்தச் சொல்லும் கடிதங்கள் உலகம் முழுவதும் போயின. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான பணமும் தடைபட்டது. அந்த ஆண்டு ஜூலை 1-இல் யு.எஸ்.எய்ட் என்ற முகமையே செயல்பாட்டை நிறுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டன், தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்தது. வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே அரசிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்கள் சில வாரங்களில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டது. அதன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனிநபர்களிடமிருந்தும் தனியார் அமைப்புகளிடமிருந்தும் வருகிறது. அதனால்தான் 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு செய்த அகதிகள் ஒப்பந்தத்தைக் கண்டித்து, ஒன்றியத்திடமும் அதன் உறுப்பு நாடுகளிடமும் இனிப் பணம் வாங்கமாட்டோம் என்று அதனால் சொல்ல முடிந்தது. எல்லோராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கோடு போடலாம்: எந்த ஒரு கொடையாளரும் மொத்த வருமானத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அறங்காவலர் கூட்டத்தில் பேச வேண்டும். கூடவே, பொது நிதியில் சில மாதச் செலவுக்கான கையிருப்பு. எத்தனை மாதம் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது; எண்ணை எழுத்தில் முடிவு செய்து, ஏன் என்றும் எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: பணம் வந்த பிறகு

நன்றிக் கடிதம் அதே வாரத்தில் போக வேண்டும். அச்சடித்த ரசீது ரசீதுதான், நன்றி இல்லை. பெரிய தொகை தந்தவருக்கு மட்டும் தொலைபேசியில் பேசுவது பலர் வழக்கம். மாதம் தருபவர்களிலும் வாரத்துக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பாருங்கள். "எதுக்கு கூப்பிட்டீங்க, இன்னும் பணம் வேணுமா?" என்று சந்தேகத்தோடு ஆரம்பிப்பவர், இல்லை என்று தெரிந்ததும் ஏன் கொடுக்கத் தொடங்கினார் என்று தானே சொல்வார். உங்கள் அடுத்த கடிதத்துக்கான வரி அங்கே கிடைக்கும்.

அறிக்கையில் நடக்காததையும் எழுதுங்கள். பத்துக் கிணற்றில் இரண்டில் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டில் வரவில்லை. மறைத்தது வெளியே வரும்போது கிணற்றோடு நிற்காது. 2018 பிப்ரவரியில், ஹெய்ட்டியில் முன்பு பணியாற்றிய சில ஊழியர்களின் பாலியல் முறைகேடு வெளியானபோது, சில நாட்களில் ஏறத்தாழ 7,000 மாதாந்திர நன்கொடையாளர்கள் ஆக்ஸ்ஃபாம் பிரிட்டனை விட்டு விலகினார்கள். அரசு நிதிக்கு விண்ணப்பிப்பதையும் அது நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. நடந்த தவறு ஒருபுறம், நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை என்ற கோபம் மறுபுறம். களத்தில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது நிதிப் பிரிவின் வேலை இல்லை என்று நினைப்பவர்கள் அந்த மாதத்தின் ரத்துக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, யாரும் சொல்லித் தராத ஒரு திறமை: போதும் என்று சொல்வது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குப் பணம் குவிந்தது. ஒரு வாரம் கடந்ததுமே, சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம், தேவையானது வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மற்ற நிறுவனங்களில் சிலர் கோபப்பட்டார்கள், மக்கள் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்களே என்று. அடுத்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர், தங்களுக்கு ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு எழுதினார்கள்: இந்தப் பணத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா, அல்லது திருப்பி அனுப்பட்டுமா என்று. மிகச் சிலரே திருப்பிக் கேட்டார்கள். சுனாமிக்கு என்று கட்டிக் கொடுத்த பணம், ஒரு கடிதத்தால் கட்டு அவிழ்ந்தது.

அந்த மாதிரிக் கடிதத்தின் வரைவு ஒன்றை இப்போதே எழுதி, வேண்டுகோள் கோப்பின் உள்ளே வையுங்கள். அதோடு, பேரிடர் வேண்டுகோள் விளம்பரத்தின் அடியில் ஒரு வரி: "தேவைக்கு மேல் வந்தால், இதேபோன்ற பிற அவசரப் பணிகளுக்குப் பயன்படுத்துவோம்." அச்சுக்குப் போகும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் ஒருமுறை வடிவமைப்பாளர் இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் மிச்சமிருந்ததை வேறு எதற்கும் தொட முடியாமல் இரண்டு வருடம் வங்கியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.